இல்லை என்று சொல்ல 90 யூரோ

ஐரோப்பாவில் இருக்கும் தங்கையிடம் போக அம்மா கேட்ட விசாவை மறுத்துவிட்டார்கள், கட்டிய கட்டணமும் திரும்பி வராது. முந்தாநாள் இந்தக் கதையை எழுதியதிலிருந்து இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. இந்தப் பதிவு, "ரூல்ஸ் தெரிஞ்சுதானே பணம் கட்டுனீங்க, இப்ப எதுக்குப் புலம்பல்?" என்று கேட்ட நண்பருக்காக. அந்தக் கமெண்டுக்கு 43 லைக். லைக் போட்டவர்களில் இரண்டு பேர் என் கல்யாணத்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

விசா தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம். என் வீட்டுக்குள் யாரை விடுவது என்று நான்தானே முடிவு செய்கிறேன்? அதில் எனக்குச் சண்டையே இல்லை. என் கேள்வி பணத்தைப் பற்றியது. தராத விசாவுக்கு எதற்குப் பணம்?

அம்மா கேட்டது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. அதன் கட்டணம் 2020 பிப்ரவரி வரை 60 யூரோ. அப்புறம் 80. 2024 ஜூன் முதல் 90. நம் காசுக்குச் சுமார் 9 ஆயிரம். அதோடு விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர், போட்டோ, 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்துபோகும் செலவு. ஐரோப்பிய ஆணையமே வெளியிட்ட கணக்குப்படி 2024இல் இந்தியாவில் கொடுக்கப்பட்ட விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கு மேல், மறுக்கப்பட்டவை சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், சிலருக்குக் கட்டணமே இல்லை என்றெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஒரு கோடி யூரோவுக்குக் கீழே இறங்காது. ஒரு நாட்டிலிருந்து, ஒரே வருடத்தில், "இல்லை" என்று சொன்னதற்கான வரும்படி.

"ஃபைலைப் பார்க்க ஆள் வேண்டாமா, அதற்குக் கூலி" என்பார்கள். சரி, கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாவது திருப்பித் தரலாமே? திருப்பித் தர வழியே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் விசாவோடு மருத்துவச் சேவைக்கும் தனியாக ஒரு தொகை கட்டுவார்கள். விசா கிடைக்காவிட்டால் அந்தத் தொகை திரும்பி வந்துவிடும். விசா கட்டணம் மட்டும் வராது. ஆக, மனம் இருந்தால் வழி இருக்கிறது. அம்மாவின் காப்பீட்டுக் கம்பெனியே மறுப்புக் கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருக்கும் தாட்சண்யம்கூட இவர்களிடம் இல்லை!

பழவந்தாங்கலில் விசா பிள்ளையார் இருக்கிறார், தெரியும்தானே? அங்கேயும் போனோம். விசா கிடைத்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார். கிடைக்கவில்லை, உடைக்கவில்லை. பிள்ளையார் பில் அனுப்பவில்லை.

"தேர்வில் தோற்றால் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா?" என்று இன்னொருவர். நல்ல கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். ஐயா, பிளஸ் டூவில் தோற்ற பையன்கூட விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். இங்கே வந்தது அச்சடித்த ஒரு படிவம். அதில் ஒரு கட்டத்தில் டிக். விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். மேல்முறையீடு உண்டு, மறுக்கவில்லை. அதை அந்த ஊர் மொழியில், அந்த ஊர் வக்கீலை வைத்து, இன்னும் செலவழித்துச் செய்ய வேண்டும்.

அம்மா 34 வருடம் பள்ளிக்கூட ஆசிரியை. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. "தப்புன்னு போட்டா ஓரத்துல ஏன் தப்புன்னு எழுதணும்டா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பி வர மாட்டாராம். யார்? சென்னையில் என் வீட்டுக்கு வருவதற்கே "சோழன்ல ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் புடவையை வைப்பவர். மூன்றாம் நாள் காலையிலேயே "வீடு பூட்டிக் கிடக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம், பேங்க் மேனேஜரின் சீல், எல்லாம் வைத்தோம். விரல் ரேகை விழாமல் மையத்தில் நாலு தடவை கையைத் துடைத்துத் துடைத்து வைத்தார். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"நம்ம ஆளுங்க போய் அங்கேயே தங்கிடறாங்க, அவங்க என்ன பண்ணுவாங்க?" என்பவருக்கு என்ன சொல்ல? யாரோ தங்கினார்கள், அதனால் 67 வயது ரிட்டயர்டு டீச்சர்மீது சந்தேகம். இருக்கட்டும். அந்த நாட்டுக்காரர்கள் கோவளத்தில் வெயில் காய வரும்போது நாமும் விசா கட்டணம் வாங்குகிறோமே, மறுத்தால் திருப்பித் தருகிறோமா என்றால், இல்லை, நாமும் தருவதில்லை. அதுவும் தப்புதான். ஒரு தப்பு இன்னொரு தப்புக்கு ரசீது ஆகிவிடுமா?

பணம் பெரிய விஷயமில்லை என்று எழுத வந்தேன், எழுத வரவில்லை. பணமும்தான் வலிக்கிறது. ஆனால் தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தையையும் அம்மா போன் திரையில்தான் குளிப்பாட்டினார்: "தலைய பிடி, காதுல தண்ணி போகாம பாத்துக்க" என்று கும்பகோணத்துக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? இதையெல்லாம் தெரிந்தவர்தான் நண்பரே நீங்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் அந்த ஒரு வரி இரண்டு நாளாக உறுத்துகிறது.

இன்று காலை அம்மாவுக்கு மறுபடியும் அப்பாயின்ட்மென்ட் எடுத்தேன். அடுத்த மாதம் 14. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. "ரூல்ஸ் தெரியும்தானே" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: தெரியும்.