கண்ணாடி தேய்த்தவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. "அறிவை வைத்துத் தன்னை அறிய முடியாது, ஸ்பினோசா எல்லாம் கண்ணாடி தேய்க்கத்தான் லாயக்கு" என்றார் பேச வந்தவர். அரங்கமே சிரித்தது.

ஆமாம் ஐயா, தேய்த்தார். ஸ்பினோசா பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி. லென்ஸ் தேய்த்துச் சாப்பிட்டவர்தான். 1656இல், 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் சபித்து விலக்கிவைத்தது. 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் வேலை தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார். சால்வைக்காக மேடை ஏறுகிறவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நாளாகும்.

அவர் உணர்ச்சியைக் கொல்லச் சொன்னாரா? எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார். நம்மை ஆட்டிவைக்கும் உணர்ச்சியைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் அதன் ஆட்டம் நிற்கும் என்று 'எதிக்ஸ்' நூலில் எழுதினார். மறுபடி சொல்கிறேன்: பார் என்றார், கொல் என்று சொல்லவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் என்பீர்கள். சரி, என் கதையையே சொல்கிறேன். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைக் கடைசி வரியில் போட்டிருந்தார்கள். நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ராத்திரி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதி, பதிலுக்கும் ஒரு 'ஏன்?' போட்டுக்கொண்டே போனேன். முதல் பதில் மரியாதை. ஐந்தாவது பதில், எனக்கு மேலே பெயர் வந்த மைத்துனருக்குச் சொந்த வீடு இருக்கிறது, நான் வாடகை வீடு. அண்ணன் மேல் கோபமே இல்லை! கல்யாணத்தன்று பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன்.

தியானத்தில் கிடைக்காததா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கட்டும், சந்தோஷம். அறிவைப் பேசுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பவர்களுக்கு மட்டும் ஒன்று. 1672இல் ஹேக் நகரில் டச்சு அரசியல் தலைவர்களான டி விட் சகோதரர்களைக் கும்பல் அடித்துக் கொன்றபோது, 'மகா காட்டுமிராண்டிகள்' என்று எழுதி அங்கேயே ஒட்டக் கிளம்பியவர் ஸ்பினோசா. வீட்டுக்காரர் பூட்டி வைத்ததால் தப்பினார். இது ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதிவைத்த குறிப்பு. கல் இப்படிக் கிளம்புமா?

உணர்ச்சியை அதைவிட வலுவான எதிர் உணர்ச்சிதான் அடக்கும் என்றும் அதே நூலில் இருக்கிறது. எடுத்து என் மேலேயே வீசலாம், வீசிக்கொள்ளுங்கள்.

பேச்சாளரை விடுங்கள், அவர் யாரோ. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தவர் பதினெட்டு வருட நண்பர். அந்தப் பால் கணக்கு நோட்டைக் காட்டி நான் அழுதது அவரிடம் மட்டும்தான். எனக்கு ஏன் வலிக்கிறது என்று நேற்று முழுக்க எழுதிப் பார்த்தேன். காரணம் தெளிவாகவே தெரிகிறது. காலையிலிருந்து மூன்று முறை போன் அடித்துவிட்டார். இன்னும் எடுக்கவில்லை.