நாளைக்கு பென்சராப்பான்!

(மலேசியா, பினாங்கு. ஒரு தமிழ்ப்பள்ளி கேண்டீன், ஓய்வு நேரம். மாணிக்கம் சார் முன்னால் ஆறிப்போன தே தாரே டீ. நாளைக்கு ஜிபிகே, அதாவது துணைத் தலைமையாசிரியர், அவர் பாடத்தைப் பார்வையிட வருகிறார்; அதுதான் பென்சராப்பான். கவிதா டீச்சர் கையில் ஓர் அட்டைக் கட்டு.)

மாணிக்கம்: டீச்சர், நாளைக்கு எனக்கு பென்சராப்பான். ஜிபிகே பின்னால வந்து உக்காரப்போறார். நவீனமா 62 ஸ்லைடு பண்ணிட்டேன். எழுத்தெல்லாம் பறந்து வரும்!

கவிதா: 30 நிமிஷப் பாடத்துக்கா? எழுத்து பறக்கும் சார், பிள்ளைங்க தூங்கும்.

மாணிக்கம்: நடுவுல கேள்வி கேப்பேன்லா.

கவிதா: யார் பதில் சொல்லுவா?

மாணிக்கம்: முதல் வரிசை தர்ஷினி.

கவிதா: நேத்து?

மாணிக்கம்: தர்ஷினி.

கவிதா: போன வாரம்?

மாணிக்கம்: அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். நானே சொல்லிக்கிட்டேன்.

கவிதா: கேட்டுட்டு எத்தனை வினாடி பொறுப்பீங்க? மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்லயே பாத்துட்டாங்க. டீச்சருங்க ஒரு வினாடிதான் பொறுக்கிறாங்களாம். 3 வினாடி ஆக்கினா பதில் நீளுது, பேசாம முழிக்கிறதும் குறையுது.

மாணிக்கம்: என் வகுப்புல 3 வினாடி சும்மா நின்னா பென்சில் பெட்டி பறக்கும்.

கவிதா: அதுக்குத்தான் இந்த பிளிக்கர்ஸ் அட்டை. போன்ல இருக்கிற பிளிக்கர்ஸ் ஆப் இதைப் படிக்கும். பிள்ளைங்க போன் கொண்டுவரக் கூடாதே. இதுக்கு உங்க போன் ஒண்ணு போதும். ஆளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் அட்டை. நடுவுல கறுப்புக் கட்டம். நாலு ஓரத்துலயும் ஏ, பி, சி, டி. எது விடையோ அந்த ஓரம் மேல வரணும். எழுத்து பொடிசு, பக்கத்துப் பையன் எட்டிப் பாத்தாலும் தெரியாது. நீங்க முன்னால நின்னு கேமராவைக் காட்டினா எல்லார் பதிலும் போன்ல விழுந்துரும்.

மாணிக்கம்: (அட்டையைத் தூக்கி) விழலையே!

கவிதா: விரலை எடுங்க, கறுப்புக் கட்டத்தை மறைக்குது.

மாணிக்கம்: இப்பவும் விழலை.

கவிதா: அது என் தப்பு. பளபளப்பு லெமினேட் போட்டுத் தொலைச்சேன், லைட் பட்டா மினுக்குது. கெட்டி அட்டைல சும்மா பிரிண்ட் எடுத்திருந்தாலே போதும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க... ஆ, விழுந்துருச்சு.

மாணிக்கம்: கேள்வி என்ன போடலாம்?

கவிதா: 1/2 + 1/4. ஏ 3/4, பி 2/6, சி 1/8, டி 2/4. தப்பு விடையை வாய்க்கு வந்தபடி போடாதீங்க. பி தூக்கினவன் மேலோட மேல், கீழோட கீழ் கூட்டிட்டான். சி, பெருக்கிட்டான். டி, பகுதியை 4 ஆக்கிட்டுத் தொகுதியை மறந்துட்டான். யாருக்கு என்ன நோவுன்னு அட்டையே சொல்லிரும்.

மாணிக்கம்: பி நிறைய வந்தா?

கவிதா: விடையைச் சொல்லிராதீங்க! ரெண்டு ரெண்டு பேரா 2 நிமிஷம் சண்டை போட விடுங்க. ‘பாதி அப்பம் பாலிக் சாப்பிட்டுட்டு இன்னும் கால் சாப்பிட்டா, பாதியை விடக் குறையுமாடா?’ன்னு எவனாவது கேப்பான். அப்புறம் மறுபடி அட்டை.

மாணிக்கம்: இண்டர்நெட் லைன் போயிருச்சுன்னா?

கவிதா: பிளாஸ்டிக் உறைக்குள்ள ஏ4 தாள், மேல மார்க்கர், துடைக்கப் பழைய காலுறை. மூணு எண்ணினதும் எல்லாரும் ஒண்ணா தூக்கணும். இல்லேன்னா தர்ஷினியைப் பாத்து வகுப்பே எழுதிரும்.

மாணிக்கம்: இது சிலேட்டு லா!

கவிதா: சிலேட்டுதான். மார்க்கர் விலை மட்டும் நவீனம்.

(மறுநாள். அதே மேசை.)

மாணிக்கம்: ஜிபிகேவுக்கு ஏக சந்தோஷம்! ஒண்ணுதான் புரியல. ரகு முழு மார்க்கு.

கவிதா: நல்லதுதானே?

மாணிக்கம்: அவன் இன்னைக்கு ஸ்கூலுக்கே வரலை.

கவிதா: போச்சு! போன் நம்பரைத்தான் பாக்கும், மூஞ்சியைப் பாக்காது. யாரோ அவன் அட்டையை எடுத்திருக்காங்க. பதிலே விழாத பிள்ளை யாரு?

மாணிக்கம்: (போனைத் தேய்த்துப் பார்த்து) தர்ஷினி.