ரூபன்ஸ் நைல் நதிக்குப் போகவே இல்லை

நீர்யானை, முதலை வேட்டையைக் காட்டும் ஓர் அச்சோவியத்தைப் போட்டு, 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ரூபன்ஸ் எகிப்தில் நேரில் பார்த்த வேட்டையைத் தன் கையாலேயே செப்புத்தகட்டில் பொறித்தார் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

அவர் எகிப்துக்குப் போனதே கிடையாது. நீர்யானை, முதலை வேட்டை ஓவியத்தை 1615–16 வாக்கில் ஆண்ட்வெர்ப்பில் வரைந்தார், அதுவும் ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் தன் ஷ்லைஸ்ஹைம் அரண்மனைக்குக் கேட்ட 4 வேட்டைப் படங்களில் ஒன்றாக. நீங்கள் போட்டிருக்கும் அச்சோவியம் அந்த ஓவியத்தைப் பார்த்து பீட்டர் சவுட்மன் என்ற கலைஞர் செய்தது. வேட்டை அச்சோவியங்களில் ரூபன்ஸ் பெயர் வருவது மூல ஓவியத்துக்காக. தகட்டு வேலை வேறொருவருடையது.

படத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீர்யானை முதலையை மிதித்துக்கொண்டு நிற்கிறது, கீழே ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், மேலே 3 குதிரைகளும் ஒரே புள்ளியை நோக்கிப் பாய்கின்றன. எந்த வேட்டையும் இப்படி அழகாக ஒரு மையத்தில் வந்து சேராது. லியனார்டோ டா வின்சி வரைந்த ஆங்கியாரி போர்க் காட்சியில் குதிரைகள் முட்டி மோதும் விதத்தை ரூபன்ஸ் ஆழ்ந்து படித்தவர், அந்தப் பாடம்தான் இங்கே தெரிகிறது.

அப்புறம், "வெறும் நகல்தானே" என்று ஒருவர் ஒதுக்கிவிட்டார். அப்படிச் சொல்லாதீர்கள். அதே வரிசையைச் சேர்ந்த சிங்க வேட்டை ஓவியம் 1870-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் நடந்த தீ விபத்தில் அழிந்துபோனது, அதில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதே இந்த மாதிரி நகல்களால்தான்.