அது குப்பை இல்லை

பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு நாளில், பிள்ளைகள் கைவேலை செய்துகொண்டிருந்ததை எடுத்த அந்தப் புகைப்படத்தையும், அதற்குக் கீழே எழுதப்பட்டதையும் சொந்தபந்தம் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். படத்தை இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. "இவ்வளவு பெரிய வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுக்க ஆளில்லையா? குப்பையைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்" என்று எழுதியவர் எங்கள் பங்காளி வீட்டு அண்ணன்தான். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களின் பெயர்களையும் பார்த்தேன். பெரியவர்கள் இருக்கிறார்களே என்று பேசாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அது குப்பை இல்லை, அண்ணா.

தீப்பெட்டி, தண்ணீர் பாட்டில் மூடி, விளக்குமாற்று ஈர்க்கு, போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை அட்டை, கொஞ்சம் பனை ஓலை. வீட்டின் உள்முற்றமான வளவில் நாங்கள் பரப்பி வைத்திருந்தது இவ்வளவுதான். உங்கள் கண்ணுக்கு அது தூக்கிப் போட வேண்டிய சாமான். பிள்ளைகள் அதைக் கையில் எடுத்த பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கொழுந்தனார் மகனுக்கு ஐந்து வயது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் ஈர்க்கைச் செருகி, முனைகளில் மூடிகளை மாட்டி வண்டி செய்தான். மூடியில் ஊசியால் துளை போட்டுக் கொடுத்தது நான். எங்கே துளை வேண்டும் என்று பேனாவால் புள்ளி வைத்தது அவன். ஒரு மூடியில் புள்ளியை ஓரமாக வைத்துவிட்டான். நான் திருத்தவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உருட்டினால் வண்டி நொண்டுகிறது. கவிழ்த்துப் போட்டு அந்தச் சக்கரத்தை மட்டும் விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பெரியம்மா, இந்தப் பக்கம் பெரிதாக இருக்கிறது" என்றான். வேறு மூடி கேட்டான். ஒரு ரூபாய் நாணயத்தை அதற்குள் வைத்து, நாலாபக்கமும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துச் சுற்றிக் கோடு போட்டான். காசை எடுத்துவிட்டு அந்த வட்டத்தின் நடுவில் புள்ளி வைத்தான். இந்த முறை வண்டி நேராக ஓடியது. சக்கரத்துக்கு அச்சு நடுவில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கடையில் வாங்கிய கார் இதைச் சொல்லிக் கொடுத்திருக்குமா? அது முதலிலேயே நேராக ஓடிவிடுமே!

இதைக் குப்பை என்கிறீர்கள். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா இதே வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக் கொடுக்கப் போனபோது, சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். அமுக்கினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்குமா? அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று குடும்பக் குழுவில் பெருமையாகப் போட்டவர் நீங்கள்தானே. அந்தக் கொட்டான் எதில் பிறந்தது? பனங்குருத்தோலையைக் காயவைத்து, நரம்பை நீக்கி, சன்னமாக வார்ந்து, சாயம் ஏற்றி முடைந்தது. ஆச்சிமார் மதியப் பொழுதில் பேசிக்கொண்டே முடைந்தார்கள். மேலே பாசிமணி கோத்து அழகு பார்த்தார்கள். எனக்கு அப்பத்தாதான் கற்றுக் கொடுத்தார்கள். ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, வளைந்து கொடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் முடைந்த முதல் கொட்டான் வாய் கோணி நின்றது. அதைத் தூக்கி எறியவில்லை. பூண்டு போட்டு அடுப்படியில் மாட்டினார்கள். வந்தவர்களிடமெல்லாம் "இது பேத்தி முடைந்தது" என்றார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது அதைக் குப்பை என்று சொல்லியிருந்தால், நான் இன்னொரு ஓலையைத் தொட்டிருப்பேனா?

பிள்ளைகளுக்கு ஆபத்து என்பீர்கள். இது நியாயமான கேள்வி, மறுக்க மாட்டேன். ஊசியும் கத்தரிக்கோலும் என் கையில்தான் இருந்தன. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பக்கத்தில் புளியங்கொட்டைகூட வைக்கவில்லை, வாயில் போட்டுக்கொள்வார்கள். பொம்மைக்குக் கண் வைக்கக் குன்றிமணி இருக்கிறதே என்று ஒருவர் எடுத்து வந்தார். வேண்டவே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது விஷம். பசை, வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை. பூச்சி வராமல் இருக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் என்ற நச்சு உப்பைச் சேர்ப்பார்கள், பிள்ளைகள் தொடும் பசையில் அது கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சினால் போதும். இதையெல்லாம் யோசித்துத்தான் உட்கார்ந்தோம்.

தரை பாழாகும் என்பது இன்னொன்று. மைதாப் பசை ஈரத்துணிக்குப் போய்விடும். போகாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் உட்காராத வளவு எதற்கு?

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நானும் வேலைக்குப் போகிறவள்தான் தம்பி.

என் வருத்தம் வேறு. படைப்பு நாளில் பெண்கள் விடியலில் இருந்து அடுப்படியில் நின்றோம். ஆண்கள் முகப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினீர்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு மூலையில் கைபேசியோடு கிடந்தன. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது யார்? ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாத பங்காளி வீட்டுப் பிள்ளைகள், "எனக்கு அந்த மூடி வேணும், உனக்கு இந்த அட்டை" என்று பங்கு பிரித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டையே மறந்து போனார்கள். அதற்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்து, ஏளனமாக ஒரு வரி எழுத மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

அண்ணா, அந்தப் படத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது உங்கள் மகள். ஓலைக் காற்றாடி செய்துகொண்டிருந்தாள். முடித்ததும் உங்களிடம் காட்டத்தான் முகப்புக்கு ஓடினாள். நீங்கள் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து என்னிடம் காட்டினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். நீங்கள் எழுதியதை அவள் படித்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை. தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருவோம். அட்டையும் ஓலையும் நான் கொண்டுவருகிறேன். அதே வளவில்தான் உட்காருவோம். தீப்பெட்டி இருப்பவர்கள் சேர்த்து வையுங்கள். படம் எடுப்பதானால் தாராளமாக எடுங்கள். எழுதுவதற்கு முன்னால், இது என்ன என்று செய்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.