வேலைக்காகத்தான் எடுத்தாள், அதில் என்ன தப்பு?

தீபாவளி விருந்தில் அண்ணன் மகளிடம் உறவுக்காரர் ஒருவர், "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டார். "அக்கவுண்டன்சி, மாமா." "ஓ, வேலை கிடைக்கும்னுதானா?" பிள்ளை முகம் வாடிவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வேலைக்காகத்தான். நானும் அதற்காகத்தான் எடுத்தேன். அப்பாவுக்கு சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் யாருமில்லை. வழி சொல்ல ஆளில்லை. கணக்கியலில் மட்டும் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிந்தது. உயர்நிலை மூன்றில் பி.ஓ.ஏ. என்ற கணக்கியல் பாடம், பாலிடெக்னிக்கில் டிப்ளோமா, பிறகு பட்டம், அதன்பின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் தேர்வும் மூன்றாண்டு வேலை அனுபவமும். யார் சிபாரிசும் வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பது, வீட்டில் வழிகாட்ட ஆள் இருந்தவர்களுக்குத் தெரியாது.

அந்த நம்பிக்கை வெறுங்காற்றில் கட்டியதும் அல்ல. இங்கே ஆண்டு வருமானம் 10 மில்லியன் வெள்ளிக்குள் (டாலர்), சொத்து 10 மில்லியனுக்குள், ஊழியர் 50 பேருக்குள், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தும் சிறு தனியார் நிறுவனத்துக்குத்தான் பொதுவாகத் தணிக்கை விலக்கு. விலக்கு பெற்றவர்களும் கணக்கு எழுதியே ஆகவேண்டும், வரிக் கணக்கு கொடுத்தே ஆகவேண்டும். அதனால் கணக்குத் தெரிந்தவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

நமக்கு இது புதுத் தொழிலா என்ன? ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், கிட்டங்கி என்ற கடைவீட்டுத் தரையில் சின்ன மேசைப்பெட்டி முன் உட்கார்ந்து பேரேடு எழுதிய செட்டியார்கள் இருந்த ஊர் இது.

ஆனால் பிள்ளைக்கு விருப்பமே இல்லாமல் தள்ளிவிடும் பெற்றோர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தணிக்கைக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவது லேசான காரியமல்ல. "கணக்குப் பாடத்தில் எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். கணக்கு நேராகாமல் உதைத்தால் விட்டுவிட்டுப் போக மனசு வருமா என்று கேளுங்கள்.

அண்ணன் மகள் விடுமுறையில் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் 27 வெள்ளி உதைத்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். கடை மூடியபிறகும் உட்கார்ந்து தேடி, யாரோ 63ஐ 36 என்று எழுதியிருந்ததைப் பிடித்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சதும் கத்திட்டேன் அத்தை" என்றாள்.