கோஷம் போட்டதற்கே தேசத்துரோக வழக்கா?

தேசத்துரோகச் சட்டம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அரசைக் கடுமையாகப் பேசினாலே உள்ளே தள்ளலாம் என்பதுபோல அது சொல்கிறது. அப்படிச் சொல்வது சரியில்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்துவிட்டது. வன்முறையைத் தூண்டும் பேச்சு, பொது அமைதியைக் குலைக்கும் பேச்சு, இவைதான் குற்றம். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று சண்டிகரில் ஒரு தியேட்டர் முன்னால் ‘காலிஸ்தான் (சீக்கியர் தனிநாடு) வாழ்க’ என்று கோஷம் போட்டவர்களையே, கலவரம் எதுவும் நடக்கவில்லை என்று 1995இல் அதே உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஆனால் எங்கள் கடற்கரையில் நடந்தது வேறு. கூடங்குளம் அணு உலையை எதிர்த்ததற்காக இடிந்தகரைப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். குளச்சலிலோ முட்டத்திலோ கேட்டுப் பாருங்கள், வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிற பையனுக்கு பாஸ்போர்ட்தான் சோறு. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் ‘வழக்கு நிலுவையில்’ என்று எழுதிவிட்டால் போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடும்.

தேசத்துரோகத்துக்கான பழைய 124ஏ பிரிவை 2022இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அப்புறம் 2024 ஜூலையில் அதற்குப் பதிலாகப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு வந்துவிட்டது, ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். நான் கேட்பது இதுதான்: எந்தப் பேச்சு எந்த வன்முறையைத் தூண்டியது என்று எஃப்ஐஆரிலேயே எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் வழக்கே போடக் கூடாது.