எல்லாம் அவர் பெயரில்

ஜப்பானின் மெய்ஜி பேரரசரைப் பற்றி ஒரே கதை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பின்தங்கிக் கிடந்த நாட்டை ஒரு மாமன்னர் ஒரே தலைமுறையில் வல்லரசாக்கினார், ரயில் விட்டார், பள்ளி திறந்தார், பட்டாளம் அமைத்தார், அப்படி ஒருவர் வாய்த்தால் எந்த நாடும் உருப்படும் என்று அந்தக் கதை முடியும். பள்ளியில் படித்த நாளில் நானும் அதை அப்படியே நம்பினேன். இப்போது நம்பவில்லை. அந்த மாற்றங்களை அவர் செய்யவில்லை, அவர் பெயரில் செய்தார்கள். இது சின்ன வேறுபாடு போலத் தெரியும். ஆனால் ஜப்பான் அடைந்த நன்மையும் பின்னால் பட்ட பாடும் இந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கின்றன.

1867 தொடக்கத்தில் தந்தை கோமெய் பேரரசர் திடீரென்று இறந்தபோது முத்சுஹிதோவுக்கு வயது 14. மெய்ஜி என்பது அவர் ஆட்சிக் காலத்தின் பெயர், பிறகுதான் அவருக்கும் அந்தப் பெயர் நிலைத்தது. அதுவரை கியோட்டோ அரண்மனைச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்த பையன். பல நூற்றாண்டுகளாகப் பேரரசர்களின் வாழ்க்கை அப்படித்தான். சடங்கும் கவிதையும் கியோட்டோவில், வாளும் வரியும் எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்து நாட்டை ஆண்ட ஷோகன் என்ற படைத்தலைவரிடம். அவர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1853-இல், அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் எடோ விரிகுடாவுக்கு வந்து நின்றன. துறைமுகங்களைத் திறக்கச் சொன்ன அந்த மிரட்டலுக்கு ஷோகன் பணிந்தார். இரண்டரை நூற்றாண்டு டோக்குகாவா ஷோகன் குடும்ப ஆட்சியின் மரியாதை அங்கிருந்துதான் சரிய ஆரம்பித்தது.

சத்சுமா, சோஷு என்ற தென்மேற்குச் சிற்றரசுகளின் இளம் சாமுராய்கள் இந்த நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். ஓகுபோ, கிடோ, சைகோ எல்லோரும் நடுத்தரத்துக்கும் கீழான சாமுராய் குடும்பத்துப் பிள்ளைகள். தங்கள் பெயரைச் சொன்னால் நாடு அடிபணியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஷோகனை எதிர்க்க ஷோகனுக்கும் மேலான ஒரு பெயர் வேண்டும். தங்களுக்குள் எழுதிய கடிதங்களில் பேரரசரை அவர்கள் குறித்த சொல் 'மணி', அதாவது ரத்தினம். ஜப்பானியச் சதுரங்கத்தில் ராஜா காய்க்கும் அதே சொல்தான். மணியை எதிரி தட்டிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் போச்சு என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கைக்குள் வைத்துக் காக்க நினைத்த அந்தக் காய் ஒரு பதினைந்து வயதுப் பையன் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

1868 ஏப்ரலில் ஐந்து வாக்குறுதிகள் கொண்ட உறுதிமொழி ஒன்று வெளியானது. பொது விஷயங்களைக் கூடிப் பேசி முடிவு செய்வோம், பழைய தீய வழக்கங்களை விடுவோம், உலகெங்கும் சென்று அறிவைத் தேடுவோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இன்று படித்தாலும் நிமிர்ந்து உட்காரவைக்கும் வரிகள். அதை எழுதியவர்கள் அவருடைய அதிகாரிகள். தேவர்கள் முன் வாசித்தவர் சஞ்சோ என்ற பிரபு. பேரரசர் அங்கே வீற்றிருந்தார், பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து வணங்கிக் கையெழுத்திட்டார்கள். அங்கே அவர் வேலை வீற்றிருப்பதுதான். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் வீற்றிருந்ததால்தான் அது நாட்டின் சத்தியம் ஆனது. இல்லையென்றால் நாலு சாமுராய்களின் அறிக்கையாகவே போயிருக்கும்.

இந்த மாற்றத்துக்கு அவர்கள் புரட்சி என்று பெயர் வைக்கவில்லை. மீட்சி என்றார்கள். பழங்காலத்தில் பேரரசர் நேரடியாக ஆண்டார், அதற்குத் திரும்புகிறோம் என்றார்கள். புத்தம் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டே, பழசுக்குப் போகிறோம் என்று சொல்ல முடிந்தது. அந்தச் சொல் எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு 1871 போதும். இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள் ஒரே அரசாணையில் ஒழிக்கப்பட்டு மாவட்டங்களாயின. தலைமுறை தலைமுறையாக ஆண்ட குடும்பங்கள் மண்ணை விட்டுவிட்டு டோக்கியோவுக்கு இடம் மாறின. பெரிய ரத்தக் களரி இல்லை. பணமும் பட்டமும் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'நிலம் எப்போதுமே பேரரசருடையது, அவருடையதை அவருக்கே திருப்பித் தருகிறீர்கள்' என்ற பேச்சு இல்லாமல் அது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. அவர் பெயரால் கிடைத்த நன்மையில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பெயர் மட்டும் போதவில்லை, அவர் உடம்பும் தேவைப்பட்டது. திரைக்குப் பின்னால் சில பிரபுக்கள் மட்டுமே பார்க்கும் மன்னராக இனி இருக்கக் கூடாது என்று ஓகுபோ 1868-லேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இலையுதிர்காலத்தில் பல்லக்கில் ஏற்றி எடோவுக்கு, அதாவது புதுப்பெயர் பெற்ற டோக்கியோவுக்கு, அழைத்துப் போனார்கள். வழியில் அவர் முதல்முறையாக ஃபுஜி மலையைப் பார்த்தார். 1872 தொடக்கத்தில் அவர் மாட்டிறைச்சி சாப்பிட்டார், அது நாடறிய வெளியிடப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அரண்மனை ஒதுக்கி வைத்திருந்த உணவு அது. அதே ஆண்டு அக்டோபரில் டோக்கியோவின் ஷிம்பாஷி முதல் யோகோஹாமா வரை 29 கிலோமீட்டர் ரயில் பாதை திறந்தபோது பழைய அரண்மனை அங்கியோடு ரயிலில் ஏறி உட்கார்ந்தார். 1873 மார்ச்சில் உச்சிக்குடுமியை எடுத்தார். பேரரசி ஹருகோ பல்லுக்குக் கறுப்பு பூசுவதையும் புருவம் மழிப்பதையும் நிறுத்தினார். அவர்கள் செய்ததும் ஊர் செய்தது. குடுமியை எடு என்று ஆயிரம் உத்தரவு போட்டாலும் நடக்காதது, பேரரசரே எடுத்துவிட்டார் என்றதும் நடந்தது.

1872-இலும் 1873-இலும் எடுத்த இரண்டு புகைப்படங்களைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் உயரமான கறுப்புத் தலையணியும் அகன்ற அங்கியும். இரண்டாவதில் ஐரோப்பியத் தளபதியின் சீருடை, வெட்டிய முடி, கையில் வாள், நாற்காலியில் சற்றே அமர்த்தலாக உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் அதே கண்கள்தான். இருபது வயதுப் பையன் ஒருவன் ஒரு நாடு முழுவதற்கும் சேர்த்து உடை மாற்றியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

அவருக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. ஆனால் பள்ளிகளுக்கும் வெளிநாட்டு அரசுகளுக்கும் அனுப்ப ஒரு படம் வேண்டும். 1888-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? அரசு அச்சகத்தில் வேலை பார்த்த கியோசோனே என்ற இத்தாலியச் செதுக்கு ஓவியரை, பேரரசர் விருந்து சாப்பிடும்போது மறைவில் உட்காரவைத்து முகத்தை வரையவைத்தார்கள். பிறகு அவர் சீருடையும் பதக்கங்களும் சேர்த்து முழு ஓவியமாக்கினார். அந்த ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து நாடெங்கும் அனுப்பினார்கள். பிள்ளைகள் குனிந்து வணங்கியது அந்தப் படத்தைத்தான். 1896 சான்ரிகு சுனாமியில் அதைக் காப்பாற்றப் போய் ஓர் ஆசிரியர் உயிரை விட்டார். ஒரு வெளிநாட்டுக்காரர் மறைந்திருந்து வரைந்த படத்துக்காக.

சரி, இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதர் எங்கே? அங்கங்கே தெரிகிறார். அவருக்குச் சைகோவை மிகவும் பிடிக்கும். அரண்மனைப் பெண்களிடமிருந்து பிரித்து, சாமுராய்களை உடன் வைத்து, அவரைக் குதிரையேற்றம் பழகும் இளைஞனாக மாற்றியதில் சைகோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1873-இல் கொரியா மீது படையெடுப்பதா என்ற விவகாரத்தில் அரசு இரண்டாகப் பிளந்தபோது பேரரசர் சைகோவின் எதிர்த் தரப்பின் பக்கம் முடிவு சொன்னார், சைகோ பதவியை விட்டு ஊருக்குப் போனார். 1877-இல் சாமுராய் கலகத்துக்குத் தலைமை தாங்கி, கட்டாய ராணுவச் சேவையில் சேர்ந்த விவசாயப் பிள்ளைகளின் துப்பாக்கிகளுக்கு முன்னால் மாண்டார். அந்தக் காலத்தில் கியோட்டோவில் தங்கியிருந்த பேரரசர் பாடங்களையும் அலுவல்களையும் ஒதுக்கிவிட்டு யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்தார். அவர் பெயரில் நடந்த போர், அவருக்குப் பிடித்த மனிதருக்கு எதிராக. 1889-இல்தான் சைகோவின் மீதிருந்த தேசத்துரோகக் களங்கம் நீக்கப்பட்டது.

இன்னொன்று. 1888-இல் அரசியல் சாசன வரைவை ஆலோசனைச் சபை விவாதித்தபோது அவர் ஏறக்குறைய எல்லா அமர்வுகளிலும் வந்து பேசாமல் உட்கார்ந்து கேட்டார். நவம்பரில் ஒரு நாள் விவாதத்தின் நடுவே, அவருடைய ஒரு வயது மகன் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்தது. சபையை நிறுத்தலாம் என்றார் சபைத் தலைவர் இடோ ஹிரோபுமி. எடுத்த பிரிவு முடியும் வரை தொடரச் சொல்லி, முடிந்த பிறகே எழுந்து உள்ளே போனார். அவருடைய 15 பிள்ளைகளில் 10 பேர் சிறு வயதிலேயே இறந்தவர்கள். இதைக் கடமை என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்குப் புகழத் தோன்றவில்லை. தன் வீட்டுச் சாவுக்குக்கூட எழுந்து போக முடியாத அளவுக்கு ஒரு மனிதரை நாட்டின் பெயராக மாற்றிவிட்டார்களே என்றுதான் தோன்றுகிறது.

இனி கெடுதலுக்கு வருகிறேன். 1889 பிப்ரவரி 11 அன்று அந்தச் சாசனம் பேரரசர் கையால் பிரதமர் குரோடாவிடம் பரிசாக வழங்கப்பட்டது. மக்கள் கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது, பேரரசர் அருளியதாக இருக்க வேண்டும் என்பதில் இடோ தெளிவாக இருந்தார். பேரரசர் புனிதமானவர், மீற முடியாதவர் என்கிறது மூன்றாவது பிரிவு. படைகளின் தலைமை அவருடையது என்கிறது பதினோராவது. முதல் தேர்தலில் ஓட்டுரிமை பெற்றவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆண்களுக்கு மட்டும், அதுவும் 15 யென் நேரடி வரி கட்டுகிறவர்களுக்கு. ராணுவம் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பேரரசருக்குச் சொன்னால் போதும். பேரரசரோ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர்களும் தளபதிகளும் முடிவெடுப்பார்கள், அவர் பெயர் கையொப்பமாக நிற்கும், கேள்வி கேட்பவன் துரோகி ஆவான். 1891-இல் உச்சிமுரா கன்ஸோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர், பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணையின் முன் போதிய அளவு குனியவில்லை என்று வேலையை இழந்தார்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே சில சமயம் மாட்டிக்கொண்டு தவித்தார். 1894-இல் சீனாவோடு போர் அறிவித்தபோது, இது என் விருப்பப்படி நடக்கும் போர் இல்லை என்று சொல்லி, பேரரசக் குலத்தின் இசே கோயிலுக்கும் தந்தையின் சமாதிக்கும் செய்தி அனுப்ப மறுத்தார். மறுநாள் மனம் மாறி ஆளை அனுப்பச் சொன்னார். அவ்வளவுதான் அவருக்கு முடிந்தது. போர் நடந்தது, ஹிரோஷிமாவில் ஒரு எளிய அறையில் ஏழு மாதம் தங்கினார், வெற்றி அவருடையதாகப் பேசப்பட்டது. 1904-இல் ரஷ்யாவோடு போர் வந்த நேரத்தில், நாற்கடல் மக்களும் உடன்பிறப்புகள் என்று நினைத்திருக்கும்போது அலையும் காற்றும் ஏன் கொந்தளிக்கின்றன என்று ஒரு கவிதை எழுதினார். 1941 செப்டம்பரில் அமெரிக்காவோடு போர் பற்றி முடிவெடுக்கக் கூடிய சபையில் பேரன் ஹிரோஹிதோ அதே கவிதையை எடுத்து வாசித்தார். சபை கேட்டுக்கொண்டது. டிசம்பரில் போர் தொடங்கிவிட்டது.

இந்தப் பதிவை எழுத எனக்குக் காரணமாக இருந்த காட்சி 1901 டிசம்பர் 10-இல் நடந்தது. அஷியோ தாமிரச் சுரங்கத்தின் கழிவு வதராசே ஆற்றில் கலந்து, மீன் செத்து, வெள்ளம் போன வயலெல்லாம் பயிர் கருகி, கிராமங்கள் அழிந்துகொண்டிருந்தன. அந்தத் தாமிரம் ஏற்றுமதிக்கும் தொழிலுக்கும் வேண்டும், சுரங்கத்தை மூட அரசுக்கு மனமில்லை. பத்தாண்டுகள் நாடாளுமன்றத்தில் கத்திப் பார்த்த தனகா ஷோஸோ பதவியை உதறினார். கடைசியாக அவர் போனது அந்தப் பெயரிடம்தான். நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்து அரண்மனை திரும்பிக்கொண்டிருந்த பேரரசரின் குதிரை வண்டியை நோக்கி, கறுப்பு உடையில், மனுவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறுபதை நெருங்கிய கிழவர். காவல் வீரன் ஒருவன் மறிக்க வந்து குதிரையோடு விழுந்தான், தனகாவும் தடுமாறி விழுந்தார். போலீஸ் பிடித்தது. வண்டி அரண்மனைக்குப் போய்விட்டது. வழக்குப் போட்டால் விஷயம் பெரிதாகும் என்று, பைத்தியக்காரன் செயல் என்று சொல்லி அன்றே வெளியே விட்டார்கள்.

அந்த மனுவை எழுதிக் கொடுத்தவர் கோதொகு ஷூசுய் என்ற பத்திரிகையாளர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, பேரரசரைக் கொல்லச் சதி செய்ததாக 24 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 12 பேருக்குப் பேரரசர் பெயரால் தண்டனை குறைக்கப்பட்டது, மற்ற 12 பேர் 1911 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள். கோதொகு அந்தப் பன்னிரண்டில் ஒருவர். பேரரசரிடம் நியாயம் கேட்டு மனு எழுதிய கை அது. அடுத்த ஆண்டு ஜூலையில் பேரரசரும் போனார். தன் விருப்பப்படி கியோட்டோவுக்குத் திரும்பி, ஃபுஷிமி மோமோயாமாவில் அடக்கமானார்.

இன்றும் மாமன்னர் கதை சொல்லி ஏங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த மனுவை அவர் வாங்கியிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? மகன் செத்த நாளில் எழுந்து போகாதவர், பிடிக்காத போரை ஒரு இரவுக்கு மேல் மறுக்க முடியாதவர். வதராசே விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது ஓட்டும், நீதிமன்றமும், கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைச்சரும். அது எதுவும் சரியாகக் கிடைக்காத நாட்டில்தான் ஒரு கிழவர் குதிரை வண்டியை நோக்கி ஓட வேண்டியிருந்தது.

அந்த மனு இப்போதும் இருக்கிறது. கோதொகு எழுதியதைத் தனகா அங்கங்கே திருத்தி, திருத்திய இடங்களில் தன் முத்திரையைக் குத்தியிருக்கிறார். 2014 மே மாதம் சானோ நகரின் அருங்காட்சியகத்துக்கு அப்போதைய பேரரசர் அகிஹிதோ தன் மனைவியோடு வந்தார். மெய்ஜியின் கொள்ளுப்பேரன். எழுதி 112 ஆண்டுகள் ஆன அந்தத் தாளை அவரிடம் காட்டினார்கள்.